ஈயின் மூக்கு: மாந்தோப்புக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

வடகரை, மேக்கரை, பண்பொழி, அச்சன்புதூர், கடையநல்லூர், வாசுதேவநல்லூர், சிவகிரி பக்கத்தில் மாந்தோப்பு வைத்திருக்கும் அண்ணாச்சிமாருக்கும், பூ பார்த்துக் குத்தகை பேசும் வியாபாரிகளுக்கும், சாரல் காலத்தில் குற்றாலத்தில் பழக்கடை போடும் அக்காமாருக்கும் தம்பிமாருக்கும் வணக்கம்.

ஆனி மாதத்தில் ஐந்தருவியில் குளித்துவிட்டு ஈரத்துண்டோடு வருகிறவர் ஒரு கிலோ மாம்பழம் வாங்குகிறார். மேல்தோலில் ஒரு குறையும் இல்லை. நிறம் இருக்கிறது, மணம் இருக்கிறது. வேனில் ஏறி உட்கார்ந்து அறுத்தால் உள்ளே கூழ், கூழுக்குள் வெள்ளைப் புழு. கீழே தட்டிவிட்டால் உடம்பை வளைத்துத் துள்ளுகிறது. பிள்ளைகள் அலறுகின்றன. வாங்கியவர் கடைக்காரரைத் திட்டுவார், கடைக்காரர் குத்தகைக்காரரை, குத்தகைக்காரர் தோப்புக்காரரை. தோப்புக்காரர் மருந்துக்கடைக்குப் போய், "இதவிட ஸ்ட்ராங்கா ஒண்ணு குடுங்க" என்பார். வருஷா வருஷம் நடக்கிற கூத்து இது.

நான் மாந்தோப்பு வீட்டில் பிறந்து, பிழைப்புக்கு விலங்கியல் சொல்லிக் கொடுத்தவன். உங்களிடம் சொல்ல நினைப்பது ஒன்றுதான். இந்த ஈ வாசனையைப் பிடித்து வருகிறது. வாசனை யார் வேலிக்குள்ளும் நிற்பதில்லை. ஆகவே தோப்புக்குத் தோப்பு தனித்தனியாக மருந்தடித்து இதை ஜெயிக்க முடியாது. பட்டா வேறு வேறாக இருக்கலாம், ஈயின் கணக்கில் வடகரையிலிருந்து பண்பொழிவரை ஒரே தோப்பு.

முதலில் ஆளைக் கிட்டத்தில் பார்த்துவிடுவோம். பாக்ட்ரோசெரா டார்சாலிஸ் என்பது புத்தகப் பெயர். பழ ஈ என்று வைத்துக்கொள்ளலாம். வீட்டு ஈயைவிடச் சற்றுப் பெரிது, பார்த்தால் சின்னக் குளவி என்று தோன்றும். தவிட்டு நிற உடம்பு, முதுகின் இரண்டு பக்கமும் மஞ்சள் கோடு, வயிற்றின்மேல் ஆங்கில 'டி' எழுத்து மாதிரி ஒரு கறுப்பு அடையாளம், கண்ணாடி இறக்கையின் முன்விளிம்பில் கறுப்புப் பட்டை. பெண் ஈக்கு வயிற்று நுனியில் ஊசி. முற்றிய காயின்மேல் உட்கார்ந்ததும் உடனே முட்டையிடாது. நடக்கும், நிற்கும், தலையைத் தாழ்த்தித் தோலைத் தொட்டுப் பார்க்கும், திரும்பவும் நடக்கும். இடம் பிடித்துவிட்டால் வயிற்றை மடக்கி ஊசியை இறக்கும். ஊசி இறங்கிய இடத்தில் ஒரு புள்ளி, சில சமயம் ஒரு துளி பால். அவ்வளவுதான் தடயம். அந்தப் புள்ளி பழுப்பாகி, சுற்றுத்தோல் அமுங்கத் தொடங்கும்போது உள்ளே புழு வளர்ந்திருக்கும்.

முட்டை இரண்டு நாளில் பொரிந்துவிடும். புழு ஒரு வாரம், பத்து நாள் சதையைத் தின்னும். பிறகு பழத்தைத் துளைத்து வெளியே வந்து மண்ணுக்குள் இரண்டு மூன்று விரற்கடை ஆழத்தில் கூட்டுப்புழுவாகும். இன்னும் பத்து நாளில் ஈ. ஒரு பெண் ஈ தன் ஆயுளில் ஆயிரம் முட்டைக்குமேல் இடக்கூடியது. மருந்து ஏன் கேட்கவில்லை என்பதற்கு இதிலேயே பதில் இருக்கிறது. முட்டை தோலுக்கு அடியில், புழு சதைக்குள், கூட்டுப்புழு மண்ணுக்குள். வெளியில் திரிவது வளர்ந்த ஈ மட்டும். அதுவும் உங்கள் மரத்தில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பகல் முழுக்கப் பக்கத்துப் புதரில் இருந்துவிட்டு முட்டையிட மட்டும் உங்கள் தோப்புக்கு வரும். நீங்கள் மருந்தடித்த அன்று அது வெளியூரில்.

அப்படியானால் வழி காட்டுவது எது? வாசனை. அதுவும் ஒரே வாசனை இல்லை. இந்த ஈக்கு வயசுக்கு ஒரு வாசனை.

மண்ணைவிட்டுப் புதிதாக வெளிவந்த பெண் ஈக்கு முட்டை முதிரப் புரதம் வேண்டும். அந்த நாட்களில் அதன் மூக்கு, அதாவது தலையில் உள்ள இரண்டு சின்ன உணர்கொம்புகள், அழுகலையும் எச்சத்தையும் தேடும். பாகலும் பீர்க்கும் புடலும் போட்டுப் பாவூர்சத்திரம் மார்க்கெட்டுக்கு ஏற்றுகிறவர்கள் பந்தலில் கருவாட்டுப் பொறி கட்டுவது இதனால்தான். நனைத்த கருவாட்டுத்தூளைத் துளை போட்ட பாலித்தீன் பையில் வைத்துத் தொங்கவிட்டால், பசித்த ஈ தேடி வரும். பந்தல் காயைக் குத்துவது இதன் பங்காளி, வேறு இனம் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். இன்னொன்று, பழைய துண்டறிக்கைகளில் அந்தப் பொறிக்குள் டைகுளோர்வாஸ் ஊற்றச் சொல்லியிருக்கும். அந்த மருந்துக்கு 2020 டிசம்பர் 31 முதல் நாடு முழுக்கத் தடை. வீட்டுப் பரணில் பழைய டப்பா இருந்தாலும் எடுக்காதீர்கள்.

முட்டை முதிர்ந்து, ஆணோடு சேர்ந்த பிறகு அதே பெண் ஈயைக் கருவாடு பெரிதாக இழுக்காது. பழம் இழுக்கும். பழம் என்றாலும் பழத்தின் எல்லா மணமும் இல்லை. மாம்பழ மணத்தில் நூற்றுக்கணக்கான சேர்மங்கள் கலந்திருக்கின்றன. அவற்றில் ஈ எதைப் பொருட்படுத்துகிறது என்பதைப் பெங்களூரில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானி கமலா ஜெயந்தியும், இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தாரும் சேர்ந்து தேடினார்கள். 2012-இல் வெளியான அந்த ஆய்வில் எடுத்துக்கொண்டவை அல்போன்சா, சௌசா என்ற இரண்டு ரகங்கள். பழத்திலிருந்து கிளம்பும் காற்றைப் பிடித்து, அதிலுள்ள சேர்மங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, பெண் ஈயின் உணர்கொம்பில் நுண்ணிய மின்முனை பொருத்தி, எது படும்போது கொம்பு துடிக்கிறது என்று பார்த்தார்கள். பெருங்கூட்டத்தில் ஈ கணக்கில் எடுத்துக்கொண்டது ஒரு கைப்பிடிதான்.

2014-இல் அதே பெங்களூர்க் குழுவினர் இன்னும் ஒரு படி போனார்கள். காமா-ஆக்டாலாக்டோன் என்றொரு சேர்மம். அதற்குத் தேங்காய்ப்பால் சாயலில் இனிப்பான மணம். முட்டையிடும் இடத்தை முடிவு செய்யும்போது பெண் ஈ இந்த மணத்தைக் கணக்கில் கொள்கிறது, அதுவும் பழகிக் கற்றுக்கொண்டதாக இல்லாமல் பிறவியிலேயே வந்ததாக இருக்கிறது என்பது அவர்கள் கண்டது. மாமரத்தையே பார்த்திராத ஈக்கும் இந்த மணம் சொந்த ஊர் மாதிரி.

இதில் தோப்புக்காரருக்கு என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். இருக்கிறது. பிஞ்சும் இளங்காயும் விடும் மணம் வேறு, முற்றிப் பழுக்கத் தொடங்கிய காய் விடும் மணம் வேறு. காய் முற்றும் நாளிலிருந்து ஈக்கு அழைப்பு போய்க்கொண்டே இருக்கிறது, ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கூடுதலாக. நம் பக்கத்தில் விலை ஏறட்டும் என்று காயை மரத்திலேயே நிறுத்தி வைக்கிற வழக்கம் உண்டு. நீலம் மாதிரிப் பின்தங்கிக் காய்க்கும் ரகத்தில் இது இன்னும் அதிகம். அந்த நேரத்தில் சாரலும் சேர்ந்துகொள்ளும், மண் ஈரமாகும், கூட்டுப்புழுவுக்கு அதைவிடச் சுகம் இல்லை. முதல் பறிப்பில் இல்லாத புழு கடைசிப் பறிப்பில் கூடைகூடையாக வருவதற்கு யாரும் கண் வைத்தது காரணமில்லை. கிலோவுக்கு ஏறும் நாலைந்து ரூபாயையும், கடைசியில் கழித்துப் போடும் காயையும் ஒரே தாளில் எழுதிப் பாருங்கள். கழுத்துப் பக்கம் தோள் நிரம்பி முற்றிய காயைப் பறித்து, உள்ளே வைத்துப் பழுக்க வைப்பது ஈயின் மூக்கிலிருந்து காயை ஒளித்து வைப்பது.

இழுக்கும் வாசனை இப்படி. விரட்டும் வாசனை உண்டா?

உண்டு, அதில்தான் எனக்கு ருசி அதிகம். அமெரிக்காவில் காட்டு முள்மரம் ஒன்றின் பழத்தைக் குத்திக்கொண்டிருந்த ஒரு பழ ஈ, ஐரோப்பாவிலிருந்து போன ஆப்பிளுக்கு 1860-களில் ஹட்சன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் தாவியது. இன்று ஆப்பிள் ஈ ஆப்பிள் மணத்துக்குப் பறக்கிறது, முள்பழ மணம் கலந்தால் விலகுகிறது. முள்பழ ஈக்கு அப்படியே தலைகீழ். பார்க்க இரண்டும் ஒன்றுதான், கலந்து பெருகவும் முடியும். ஆனால் ஒன்றுக்கு விருந்து மணம் இன்னொன்றுக்கு ஆகாத மணம். நூற்றைம்பது வருஷத்தில் ஒரு பூச்சிக் குலத்தை மூக்கு இரண்டாகப் பிரித்திருக்கிறது.

நம்முடைய ஈயிடமும் இப்படி ஒரு விலகல் உண்டு. ஒரு ஈ குத்திய பழத்தை இன்னொரு ஈ தவிர்க்கப் பார்க்கும், புழுக்கள் ஒன்றோடொன்று அடித்துக்கொண்டால் குலம் தேறாது. முன்பே குத்திய பழம் என்று ஈக்கு எப்படித் தெரிகிறது என்பதை 2020-இல் சீன விஞ்ஞானிகள் விளக்கினார்கள். முட்டையின்மேல் ஒட்டி வரும் பாக்டீரியா பழத்துக்குள் போனதும், பீட்டா-கேரியோஃபிலீன் என்ற மணம் பழத்திலிருந்து கூடுதலாகக் கிளம்புகிறது. பின்னால் வரும் பெண் ஈ அதை முகர்ந்து, ஆள் இருக்கிறது என்று போய்விடுகிறது. அதே பீட்டா-கேரியோஃபிலீன் மிளகிலும் இருக்கிறது, கிராம்பிலும் இருக்கிறது. உடனே மிளகுக் கஷாயத்தை மரத்துக்கு அடிக்கக் கிளம்பிவிடாதீர்கள். ஒரு மணம் வேலை செய்வது அதன் அளவையும், கூட இருக்கும் மற்ற மணங்களையும், நேரத்தையும் பொறுத்தது. கஷாயத்தில் அந்தக் கணக்கு இருக்காது. வேப்பங்கொட்டைக் கரைசல் முட்டையிடுவதைக் குறைக்கும் என்பதற்கு இந்தியாவிலேயே ஆய்வுகள் உண்டு. ஆனால் குற்றாலச் சாரலில் அது எத்தனை நாள் தோலில் தங்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சாரலில் கரையாத ஒரு விரட்டி நம் தோப்புகளிலேயே இருக்கிறது. நாம்தான் அதைத் தீ வைத்து எரிக்கிறோம். முசுறு.

இலைகளைப் பட்டு நூலால் தைத்துக் கூடு கட்டும் அந்தச் செவ்வெறும்பைத்தான் சொல்கிறேன். பறிக்க ஏறுகிறவர் கழுத்தில் இறங்கினால் அவர் படும் பாடு எனக்கும் தெரியும். மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டு மாந்தோப்புகளில், முசுறின் ஆப்பிரிக்கச் சொந்தக்கார இனம் ஒன்றை வைத்து 2009-ஐ ஒட்டி ஆய்வு செய்தார்கள். எறும்பு பழ ஈயைப் பிடித்துத் தின்பது கொஞ்சம்தான். அதன் பெரிய உபகாரம் வேறு. எறும்பு நடந்து போன பழத்தில் அதன் மணம் படிந்திருக்கிறது. எறும்பையே எடுத்துவிட்டு அந்தப் பழத்தை வைத்தாலும் ஈ முட்டையிடத் தயங்குகிறது. அங்கே வாட்டியதும் நம் ஊர் ஈதான். 2003-இல் கென்யாவில் முதலில் தட்டுப்பட்டபோது அதைப் புது இனம் என்று நினைத்துப் பெயர் வைத்தார்கள், பிறகு 2015-இல் ஆசியாவின் பழ ஈயே என்று முடிவானது. நம்மிடமிருந்து போன ஈக்கு அவர்கள் கண்ட மருந்து நம் மரத்திலேயே கூடு கட்டியிருக்கிறது. சீனாவில் கி.பி. 304-ஐச் சேர்ந்த நூலிலேயே ஆரஞ்சு மரத்துக்கு இந்த எறும்பைப் பைபையாக விலைக்கு வாங்கி விட்ட செய்தி இருக்கிறது. எல்லா மரத்திலும் முசுறை வளர்க்கச் சொல்லவில்லை. அது மாவுப்பூச்சியையும் சேர்த்து வளர்க்கும், பறிகூலிக்காரர் வேறு மரத்துக்குத்தான் ஓடுவார். தோப்பின் வெளிவரிசையில், குறிப்பாக மலையைப் பார்த்த பக்கத்தில், பறிப்புக்குச் சில வாரம் முன்புவரையாவது கூடுகளைக் கொளுத்தாமல் விட்டுப் பாருங்கள்.

இனி ஆண் ஈயின் சங்கதி. இது இந்தியாவில் கண்டுபிடித்தது, அதற்கும் குற்றாலத்துக்கும் ஒரு தூரத்து உறவும் இருக்கிறது.

பிகாரின் பூசாவில் இருந்த வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் ஹவ்லெட் என்ற ஆங்கிலேயப் பூச்சியியலாளர் வேலை பார்த்தார். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் கொசு அண்டாமல் இருக்கக் கைக்குட்டையில் சிட்ரோனெல்லா புல் எண்ணெய் தடவியிருக்கிறார். கொசு போனதோ என்னவோ, வேறு ஈக்கள் வந்து கைக்குட்டையை மொய்த்துவிட்டன. பிடித்துப் பார்த்தால் அத்தனையும் பழ ஈ, அத்தனையும் ஆண். ஹவ்லெட் இதை 1912-இல் எழுதினார். 1915-இல் அந்த எண்ணெயில் இழுப்பது மெத்தில் யூஜினால் என்று காட்டினார். இன்று உலகம் முழுக்க மாந்தோப்புகளில் தொங்கும் பழ ஈப் பொறிக்கு அந்தக் கைக்குட்டைதான் மூலம்.

கிராம்பின் மணத்துக்குக் காரணமான யூஜினாலில் ஒரு சின்ன மாற்றம் செய்தால் மெத்தில் யூஜினால். அந்தக் கிராம்பு இந்தியாவுக்கு வந்து இறங்கிய இடம் எது தெரியுமா? 1800 வாக்கில் கிழக்கிந்தியக் கம்பெனி குற்றாலத்தில் போட்ட வாசனைத் தோட்டம். துளசியிலும் மெத்தில் யூஜினால் உண்டு, ரகத்தைப் பொறுத்துக் கூடும் குறையும். தோட்டத்துத் துளசியில் பழ ஈ உட்கார்ந்து நக்குவதைப் பார்த்தவர்கள் உங்களில் இருப்பீர்கள்.

ஆண் ஈ இதற்கு ஏன் இப்படி அலைகிறது? தின்ற மெத்தில் யூஜினாலை உடம்புக்குள் மாற்றி, பெண்ணை அழைக்கும் மணமாகச் சேர்த்து வைத்துக்கொள்கிறது. பொழுது சாயும் வேளையில் இறக்கையை அடித்து அதைக் காற்றில் விடுகிறது. தின்ற ஆணுக்குப் பெண் அதிகம் கிடைக்கிறது, தின்னாததற்குக் குறைவு. ஒருமுறை வயிறு நிறையத் தின்ற ஆண் கொஞ்ச நாளைக்கு மறுபடி அந்த மணத்தைத் தேடி அவ்வளவாக வருவதில்லை.

இதைத் தெரிந்துகொண்டால் நம் ஊரில் நடக்கும் இரண்டு தவறுகள் புரியும். துளசியை இடித்துச் சாற்றைச் சிரட்டையில் ஊற்றித் திறந்தபடி மரத்தில் கட்டிவிடுகிறார்கள். செலவில்லாத பொறி என்று பேர். வந்த ஆண் ஈ குடித்துவிட்டுப் பறந்துவிட்டால், நீங்கள் செய்தது மாப்பிள்ளைக்கு அத்தர் பூசி அனுப்பிய வேலை. கொல்ல வழியில்லாத கவர்ச்சி, பொறியே இல்லாமல் இருப்பதைவிடக் கேடு. மற்ற தவறு, பாட்டிலில் குவியும் ஈயைப் பார்த்து நிம்மதியடைவது. "ஒரு கை நெறைய ஈ விழுந்திருக்கு, ஆனாலும் காய் கெட்டுப்போச்சே, கம்பெனிக்காரன் ஏமாத்திட்டான்" என்று அலுத்துக்கொள்வார்கள். பொறியில் விழுந்தது அத்தனையும் ஆண். ஓர் ஆண் பல பெண்ணோடு சேரும். நூற்றுக்குத் தொண்ணூறு ஆணைப் பிடித்தாலும் மிச்சம் பத்து ஊருக்குப் போதும். அது போக, பக்கத்துத் தோப்பில் கருவுற்ற பெண் நேராக உங்கள் காய்க்கு வரும். உங்கள் பொறியின் பக்கம் அது எட்டிக்கூடப் பார்க்காது.

பொறியே வீண் என்று சொல்கிறேனா? இல்லை. பசிபிக்கில் ரோட்டா என்ற சின்னத் தீவில், 1960-களில், மெத்தில் யூஜினாலும் பூச்சிக்கொல்லியும் ஊறிய அட்டைத் துண்டுகளைத் தீவு முழுக்கப் போட்டு இந்த ஈயை அடியோடு ஒழித்தார்கள். ஜப்பான்காரர்கள் ஒகினாவா பக்கத்துத் தீவுகளில் இதே வழியில் 1980-களின் நடுவில் முடித்தார்கள். இரண்டிலும் யாருக்கும் தனித் தோப்புக் கணக்கு இல்லை. ஒரே திட்டமாக, ஓர் இடம் விடாமல் போட்டார்கள். நமக்குச் சுற்றிக் கடல் இல்லை, மேற்கே மலை இருக்கிறது, காட்டுப்பழம் இருக்கிறது, கொய்யாவும் சப்போட்டாவும் பன்னீர் நாவலும் வீட்டுக்கு வீடு நிற்கிறது. ஒழிக்க முடியாது. தோப்புகள் சேர்ந்து கட்டினால் நன்றாகக் குறைக்க முடியும்.

கட்டுவதென்றால் எப்போது, எப்படி? பறிப்புக்கு ஒன்றரை இரண்டு மாதம் முன்பே, காய் கோலிக்குண்டைத் தாண்டிப் பருக்கும்போதே. புழு கண்ட பிறகு கட்டுவது பந்தி முடிந்து இலை போடுவது. ஏக்கருக்கு நாலிலிருந்து ஆறு பொறி, நிழல் விழும் கிளையில், ஆள் மார்பளவு உயரத்தில். கடைப்பொறியே வாங்கலாம். சொந்தமாகச் செய்கிறவர்கள் சதுரமான சின்ன ஒட்டுப்பலகைத் துண்டை எரிசாராயம் ஆறு பங்கு, மெத்தில் யூஜினால் நாலு பங்கு, மாலத்தியான் ஒரு பங்கு கலந்த கரைசலில் ஊறவைத்து, துளையிட்ட தண்ணீர் பாட்டிலுக்குள் தொங்கவிடுகிறார்கள். எந்த மருந்து எந்தப் பயிருக்கு இப்போது அனுமதி என்பது மாறிக்கொண்டே இருக்கிறது, தோட்டக்கலை அலுவலரிடமோ ஊர்மேலழகியான் வேளாண் அறிவியல் நிலையத்திலோ ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யுங்கள். கையுறை கட்டாயம். மெத்தில் யூஜினால் எலிகளுக்குப் புற்றுநோய் உண்டாக்கியதாகச் சோதனைகள் இருக்கின்றன, வெறுங்கையில் பிசைந்துவிட்டுச் சோற்றில் கை வைக்கும் சாமான் அல்ல. பாகல், பீர்க்கு போட்டவர்கள் இந்தப் பொறியைக் கட்டிப் பயனில்லை. அந்த ஈக்கு மணம் வேறு, கடையில் க்யூலூர் என்று கேளுங்கள். புளியங்குடி எலுமிச்சைக்காரர்களுக்கு இந்தத் தலைவலி அதிகம் கிடையாது. எலுமிச்சைத் தோலின் எண்ணெய் முட்டைக்கும் இளம்புழுவுக்கும் ஆகாது.

ஆனால் பொறியைவிடப் பெரிய வேலை தரையில் கிடக்கிறது. விழுந்த பழம்.

இதில்தான் எனக்கு உங்கள்மேல் வருத்தம். தோப்புக்காரர், "குத்தகைக்கு விட்டாச்சு, பழம் அவர் பொறுப்பு" என்கிறார். குத்தகைக்காரர், "மரத்துல இருக்கிறதுதான் நம்ம காசு, விழுந்ததைப் பொறுக்க ஆள் கூலி யாரு குடுக்க?" என்கிறார். குத்துப்பட்ட காய் சீக்கிரம் பழுத்து முதலில் விழும். விழுந்து கிடந்து மணக்கும். அந்த மணம் வெளியிலிருந்து ஈயைக் கூப்பிடும், உள்ளே இருக்கும் புழு மண்ணில் இறங்கி அடுத்த தலைமுறையாகும். இரண்டு வாரத்தில் அதே மரத்தில் நிற்கும் காசுக்கு அதுவே எமன். விழுந்ததை இரண்டு நாளுக்கு ஒருமுறையாவது பொறுக்கி, இரண்டடி ஆழக் குழியில் போட்டு மூடலாம். குழி வெட்ட முடியாவிட்டால் கறுப்புப் பாலித்தீன் பையில் வாயைக் கட்டி வெயிலில் போடலாம். ஹவாயில் இன்னொரு யுக்தி செய்தார்கள். கழித்த பழத்தை ஒரு கூடாரத்தில் கொட்டி, மேலே நுண்ணிய வலை வைத்தார்கள். ஈ வெளியே வர முடியாத கண், ஈயின் புழுவைத் தின்று வளரும் சின்னக் குளவி மட்டும் நுழைந்து வெளிவரும் கண். அந்தக் குளவிகளும் மணத்தைப் பிடித்து வருகிறவைதான். அழுகும் பழத்தின் மணம் ஈக்குப் பந்தி என்றால், குளவிக்கு ஈ இருக்கும் விலாசம்.

குற்றாலத்துக் கடைக்காரர்களே, உங்களை மறக்கவில்லை. மங்குஸ்தானும் ரம்புட்டானும் துரியனும் வாங்க ஊர் ஊராக வருகிறவர்கள் கூடவே மாவும் கொய்யாவும் வாங்கிப் போகிறார்கள். சாயங்காலம் கழிக்கிற பழத்தைக் கடைக்குப் பின்னால் ஓடையோரம் கொட்டுவதைப் பார்த்திருக்கிறேன். அது மூன்று மாதத்துக்கு ஈ வளர்க்கும் பண்ணை. பழத்தோட்ட அருவி என்று ஒரு அருவிக்கே பேர் வைத்திருக்கும் ஊரில், அருவிப் பக்கத்துத் தோப்புகளுக்கு ஈ சப்ளை செய்கிற வேலை வேண்டாமே. ஒரு மூடி போட்ட டிரம், நாலைந்து கடைக்கு ஒன்று என்று வைத்தால் போதும்.

வெளிநாட்டுக்கு அனுப்பும் ஆசை உள்ளவர்களுக்கு ஒரு பழைய கதை. 2013-இல் இந்தியாவிலிருந்து போன 207 சரக்குகளில் பழ ஈ உள்ளிட்ட பூச்சிகள் இருந்தன என்று சொல்லி, ஐரோப்பிய ஒன்றியம் 2014 மே 1 முதல் இந்திய மாம்பழத்தையும், பாகல், புடல் உள்ளிட்ட நாலு காய்களையும் உள்ளே விடவில்லை. அடுத்த ஆண்டு தொடக்கத்தில்தான் மாம்பழத்துக்குக் கதவு திறந்தது, அதுவும் 48 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் வைத்து எடுக்கும் ஏற்பாட்டுக்குப் பிறகு. எங்கோ யாரோ சிலர் தோப்பில் விழுந்த பழத்தை அள்ளாமல் விட்டதற்கு நாடே பதில் சொன்னது.

இப்போது என் வேண்டுகோள். தை, மாசியில் பூ பார்த்துக் குத்தகை பேசும்போது தொகை, தவணை, காவல் எல்லாம் எழுதுகிறீர்கள். யானை வந்தால் யார் பொறுப்பு என்றுகூடச் சில பேர் எழுதுகிறார்கள். அதில் இரண்டு வரி சேருங்கள். விழுந்த பழத்தைப் பொறுக்கும் கூலி இன்னார் பங்கு. பொறிக்கான செலவு இருவரும் பாதி. பிறகு ஒரு ஊருக்கு ஒரு தேதி குறித்து, அந்த வாரத்துக்குள் எல்லாத் தோப்பிலும் பொறி ஏறட்டும். பக்கத்துத் தோப்புக்காரர் வெளியூரில் இருந்தால், போனில் அனுமதி கேட்டு அவர் மரத்திலும் நீங்களே நாலு கட்டிவிடுங்கள். அந்தச் செலவு உங்கள் காயைத்தான் காக்கும். பண்பொழியில் திருமலைக் கோயில் திருவிழாவுக்கு வரி பிரிக்கத் தெரிந்த ஊருக்கு இது பெரிய வேலை இல்லை.

தேதி குறித்தால் சொல்லி அனுப்புங்கள், பலகை ஊறவைக்க நான் வருகிறேன்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்